அளவக்காவும் ஒன்றரை மீட்டர் நடைபாதையும்

தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்க்காமல் தாண்டிப் போகிறவர்கள் குறைவு. காலை ஆறேமுக்காலுக்கு, காலில் கேன்வாஸ் ஷூவும் காதில் சொருகிய பென்சிலுமாக ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவர் இரட்டைக் குழந்தைகளுக்கான தள்ளுவண்டியை நடைபாதையில் உருட்டிக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் பார்க்கத் தோன்றாது? பால் பாக்கெட்டோடு எதிரே வந்த ஒருவர் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "தூங்குதுங்களா?" என்றார். "மணலுங்க, பக்கத்துக்குப் பன்னெண்டு கிலோ," என்று சொல்லிவிட்டு அவர் நிற்காமல் தள்ளிக்கொண்டு போனார். கேட்டவர் பால் பாக்கெட்டோடு அங்கேயே நின்றுவிட்டார்.

அளவக்கா என்றுதான் நகராட்சி அலுவலகத்தில் அவரைக் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. சாலைப் பிரிவில் வரைபடம் போடுகிற வேலை, இருபத்தெட்டு வருஷமாக. புறநகர்த் தெருக்களில் நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் எங்கே பாதை, எவ்வளவு அகலம், எங்கே இறக்கம் என்று முதல் கோடு போடுவது அவருடைய பென்சில்தான். அந்தக் கோட்டைப் போடுவதற்கு முன்னால் தெருவில் மூன்று முறை போய்வந்தாக வேண்டும். மணல் வண்டியோடு ஒரு முறை, சைக்கிளில் ஒரு முறை, வெறுங்கையோடு ஒரு முறை. யாரும் கேட்காமல் அவரே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம் இது. வண்டியின் சக்கரம் எங்கெல்லாம் நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்க வேண்டி வருகிறதோ அங்கெல்லாம் நோட்டில் ஒரு பெருக்கல் குறி விழும். சில தெருக்களுக்கு நோட்டில் இடமே பற்றாது.

வண்டி பக்கத்து வீட்டு இரட்டையர் நடக்கத் தொடங்கிய பிறகு வீணாகக் கிடந்தது. அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். "பேரப்பிள்ளை வர்ற வரைக்கும் மணலை வளத்துட்டிருக்கா," என்று அவருடைய வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. மனிதர் மாதம் ஒரு முறை அந்த வண்டியின் சக்கரத்துக்கு எண்ணெய் போடுகிறார், அது போதும்.

அவரிடம் அகலம் என்ற வார்த்தையை மட்டும் அலட்சியமாகச் சொல்லிவிடக் கூடாது. சொன்னவர் மாட்டிக்கொண்டார். "சுவத்துலேருந்து விளிம்புக்கல் வரைக்கும் டேப்பை இழுத்துப் புடிச்சா அது அகலம் ஆயிடாதுங்க. கரண்ட் கம்பம் போச்சா, குப்பைத் தொட்டி போச்சா, வெளிப்பக்கம் தொறக்கற கேட்டு போச்சா, மூக்கை நீட்டிக்கிட்டு நிக்கற கார் போச்சா, எல்லாம் போக என்ன மிச்சம்? அதுதான் அகலம்." இதை அவர் ஒப்பந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார், மேலதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறார், ஒரு முறை பல் வைத்தியரிடம், வாயில் பஞ்சோடு, அவருடைய மாடிப்படியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு யாராவது வந்தால் ஒரு நொடி அவருடைய பார்வை வந்தவரின் தோளில் நிற்கும். தோள்பட்டை எத்தனை சென்டிமீட்டர் என்று மனசுக்குள் போட்டுப் பார்க்கிறார் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவருடைய தம்பி இதைச் சொல்லியே பொழுதைப் போக்குவான். "எங்கக்கா ஆளைப் பாத்தா சாப்பிட்டியான்னு கேக்க மாட்டா. ரெண்டு பேர் எதிரெதிரா வந்தா எங்க முட்டுவீங்கன்னுதான் கேப்பா."

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் அடிபட்டது அவன்தான். நாற்பத்தாறு வயது. பதினேழு வயதில் ஒரு காய்ச்சலோடு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. குடிநீர் வாரியத்தில் தொலைபேசியில் புகார் கேட்கிற வேலை. தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்களை இரண்டு நிமிஷத்தில் சிரிக்க வைத்துவிடுவான். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் அறுநூற்று நாற்பது மீட்டர், அக்கா அளந்தது. அந்த அறுநூற்று நாற்பது மீட்டரை இருபத்துநாலு வருஷமாகத் தன்னந்தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தான். இடது கையில் இருக்கும் கோலால் வீட்டு மதில்களைத் தட்டிக்கொண்டே போவான். செங்கல் மதில், கம்பி வேலி, தகரக் கேட், மறுபடி செங்கல் என்று தெரு முழுக்க அவனுக்குச் சத்தத்தில் மனப்பாடம். கல்யாணமான புதிதில் மனைவி கூட வருகிறேன் என்றபோது, "நீ ஞாயித்துக்கிழமை சினிமாவுக்குக் கூட வா. ஆபீசுக்கு நான் போய்க்கறேன்," என்று சொல்லிவிட்டான். அவன் வாழ்க்கையில் யாருடைய கையையும் பிடிக்காமல் செய்கிற காரியங்களில் அது ஒன்று. அதை அவன் எவ்வளவு பெரிதாக நினைத்தான் என்று அக்காவுக்குத்தான் தெரியும்.

தம்பி நடக்கிற அந்தத் தெருவைப் பார்த்தால் சாதுவாக இருக்கும். ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஒரு முனையில் பஸ் நிறுத்தம், அதை அடுத்துப் பெரிய பள்ளிக்கூடம். மதிலுக்கு மதில் பன்னிரண்டு மீட்டர். இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் நடைபாதை, அதை ஒட்டி இரண்டு பக்கமும் வரிசையாகக் கார்கள். நடுவில் மிஞ்சிய ஐந்து மீட்டரில், பின்னால் இருக்கிற சேமிப்புக் கிடங்குக்குக் குறுக்கு வழி பிடிக்கும் லாரிகள். அந்த லாரிகளுக்கு இடையில்தான் தினமும் காலையில் புத்தகப் பையை முதுகில் மாட்டிய பிள்ளைகள் சைக்கிள் மிதித்துக்கொண்டு போகிறார்கள். அக்கா ஒரு காலை ஒன்றரை மணி நேரம் நின்று எண்ணினார், இருநூற்றுப் பன்னிரண்டு சைக்கிள். அதில் ஒரு பையனின் பெடலுக்கும் லாரிச் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை என்று அவர் நோட்டில் எழுதியிருக்கிறார். எழுதிய இடத்தில் பென்சில் முனை ஒடிந்து பேப்பர் கிழிந்திருக்கிறது.

ஆகவே பிள்ளைகளுக்குப் பாதை வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நகராட்சியும் பாதை தருகிறோம் என்றது. நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் ஒன்றாகப் போகிற 'பகிர்வுப் பாதை' என்று அதற்குப் பெயர் வைத்தது. வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்து வரைந்து வாங்கிய படம் ஒரு புதன்கிழமை அக்காவின் மேஜைக்கு வந்தது. சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். படத்தில் இருந்த நடைபாதை அகலம் இரண்டு மீட்டர் நாற்பது. அக்கா டீயைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை ஆறேமுக்காலுக்கு மணல் வண்டி அந்தத் தெருவில் இருந்தது. பத்து மணிக்கு அக்கா பொறியாளரின் அறையில் இருந்தார். பொறியாளர் அக்காவைவிடப் பத்து வயது சின்னவர், மரியாதை தெரிந்தவர். அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட முடிந்தால் இந்தக் கதை எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும். உட்காரச் சொல்லி மின்விசிறியைத் தன் கையாலேயே வேகமாக வைத்தார்.

"சார், இந்த ரெண்டு நாப்பது எங்கேருந்து வந்துச்சு?"

"சேட்டிலைட் படத்தை வச்சு எடுத்திருப்பாங்க மேடம்."

"நேர்ல ஒன்னு அம்பதுதான் இருக்கு. மிச்சத் தொண்ணூறு சென்டிமீட்டர் எங்க போச்சுன்னு காலையிலேருந்து தேடினேன். கிடைச்சிடுச்சு சார்."

நோட்டைத் திருப்பி மேஜைமேல் வைத்தார். நடைபாதை ஒன்று ஐம்பது. அதற்கு ஒரு பக்கம் வீட்டு மதிலின் கனம் இருபத்தைந்து சென்டிமீட்டர். மறுபக்கம் விளிம்புக்கல் பதினைந்து. அதற்கும் வெளியே மழைத்தண்ணீர் ஓடுகிற சரிவு ஐம்பது. கூட்டினால் சரியாக இரண்டு நாற்பது.

"அப்போ நடக்கறவங்க சுவத்துக்குள்ள பூந்து நடக்கணும், சைக்கிள் வடிகால்ல ஓடணும். அப்படித்தானே சார்?"

பொறியாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அது கைதவறி நடந்த பிழை என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அலுவலகத்தின் கையேட்டில் பகிர்வுப் பாதைக்கு மூன்று மீட்டர் என்று போட்டிருக்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் இரண்டு நாற்பது வரை குறைக்கலாம் என்றும் இருக்கிறது. விடையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு அதற்கேற்ற கணக்கைத் தேடியிருக்கிறார்கள், அந்தத் தேடலில் அடுத்தவர் வீட்டு மதில்வரை உள்ளே இழுத்துப் போட்டிருக்கிறார்கள். படித்த ஆட்கள், பெரிய திரை வைத்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு செய்த வேலை. வயிறு எரியாதா?

"மேடம், உங்களுக்குத் தெரியாததா? இந்த வருஷம் இருபது கிலோமீட்டர் பாதைன்னு மேல அறிவிச்சாச்சு. இப்ப பதினெட்டுதான் ஆகியிருக்கு. இருக்கற நடைபாதையிலேயே சைக்கிள் படமும் ஆள் படமும் பெயிண்ட்ல போட்டு போர்டு வச்சிடலாம்னு சொல்றாங்க."

"சைக்கிள் படம் போட்டா சைக்கிள் போற இடம் வந்துடுமா சார்? அப்ப பஸ் படம் போடுங்களேன், பஸ்ஸும் வரட்டும்."

அவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

மூன்று நாளில் அக்கா தன் கையால் வேறொரு படம் போட்டுக் கொண்டுவந்தார். விஷயம் சிம்பிள். தெருவின் ஒரு பக்கத்தில் மட்டும் கார் நிறுத்துவதை எடுத்துவிட வேண்டும். அந்த இரண்டு மீட்டரும் சைக்கிளுக்கு. மதிலை ஒட்டிய ஒன்றரை மீட்டர் நடக்கிறவர்களுக்கு. இரண்டுக்கும் நடுவில் கோலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு மேட்டு வரிசை. பிள்ளைகள் லாரியிலிருந்து தப்பிப்பார்கள், தம்பி மாதிரி ஆட்கள் பிள்ளைகளிடமிருந்து தப்பிப்பார்கள், எதிர்ப்பக்கம் கார்கள் வழக்கம்போல நிற்கும். பொறியாளர் படத்தை நெடுநேரம் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு மேடம்," என்றார். மனதாரத்தான் சொன்னார். அப்புறம், "தெருக்காரங்களை ஒரு வார்த்தை கேட்டுடுவோம்," என்றார். அங்கேதான் வந்தது வினை.

பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு ஹாலில் கூட்டம் போட்டார்கள். பிள்ளைகள் உட்காருகிற குட்டை பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் மூலை வீட்டுக்காரர். அவருக்கு மூன்று கார். ஒன்று உள்ளே நிற்கும், இரண்டு தெருவில். இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பூங்காவுக்குத் தினமும் காலையில் காரில் போய் நடந்துவிட்டு வருகிறவர். முதலில் எழுந்து பேசியதும் அவர்தான்.

"எங்க வாசல்ல எங்க காரை நிறுத்தக் கூடாதுன்னா நாங்க எங்க போறது?"

"அது உங்க வாசல் இல்லைங்க. உங்க வாசலுக்கு வெளிய இருக்கற ரோடு," என்றார் அக்கா.

"சரிம்மா, இந்தத் தெருவுல யாரு நடக்கறா? நெஞ்சுல கையை வச்சுச் சொல்லுங்க. நான் பாத்து ஒருத்தரும் நடக்கறதில்ல."

"நீங்க கார்லேருந்து பாக்கறீங்க."

பின்னால் சிலர் சிரித்தார்கள். ஆனால் கைதட்டல் மூலை வீட்டுக்காரருக்குத்தான் கிடைத்தது. பிள்ளைகளைப் பெற்றவர்களும் அந்த ஹாலில் இருந்தார்கள், அதே பள்ளிக்கூடத்துக்குத் தினமும் தங்கள் பிள்ளைகளை லாரிகளுக்கு நடுவில் அனுப்புகிறவர்கள். அவர்களும் கைதட்டினார்கள். வீட்டுக்கு ஒரு கார் இருக்கிறதே, அதை எங்கே நிறுத்துவது என்கிற கவலை அந்த நேரத்தில் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. அக்கா மேடையில் நின்றபடி அவர்களுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி பெஞ்சிலிருந்து தம்பி எழுந்தான். அக்கா அவனை வரச் சொல்லவில்லை, அவனே வந்திருந்தான்.

"நான் தினம் அந்தத் தெருவுலதான் நடந்து போறேன். எனக்குக் கண்ணு தெரியாது. லாரி வந்தா கேக்கும், கார் வந்தா கேக்கும். சைக்கிள் வந்தா கேக்காது சார். இருக்கற ஒன்னரை மீட்டர்ல சைக்கிளையும் விட்டீங்கன்னா நான் எப்படிப் போறதுன்னு மட்டும் சொல்லுங்க, உக்காந்துக்கறேன்."

பொறியாளர் மைக்கை வாங்கினார். மிகவும் கனிவான குரலில், "உங்க கஷ்டம் புரியுது சார். அந்த நேரத்துக்கு மட்டும் வீட்டுலேருந்து யாரையாவது துணைக்குக் கூட்டிட்டு வரலாமே," என்றார்.

நாலு பேர் தலையாட்டினார்கள். நல்ல யோசனைதானே என்கிற மாதிரி. மூலை வீட்டுக்காரர் தன் மூன்றாவது காரை நூறு மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வரலாமே என்று அந்த ஹாலில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இருபத்துநாலு வருஷம் தனியாக நடந்த மனிதனைப் பார்த்து, இனிமேல் யார் கையையாவது பிடித்துக்கொண்டு வா என்று சொல்வது மட்டும் எவ்வளவு சுலபமாக வருகிறது வாயில். தம்பி, "சரிங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

பழைய படமே ஜெயித்தது. அதில் 'சரிபார்த்தவர்' என்கிற கட்டம் காலியாக இருந்தது. அக்கா போட மாட்டேன் என்றார். ஏன் போட மாட்டேன் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதி, மதிலின் கனம் முதல் வடிகால் சரிவு வரை எல்லாவற்றையும் படம் போட்டுக் கொடுத்தார். அந்தக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். கட்டத்தில் வேறு பிரிவிலிருந்து ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டார். அவர் அந்தத் தெருவைப் பார்த்ததே இல்லை. "மேடம் கொஞ்ச நாள் ஆபீஸ்லயே இருங்க, பார்க் பெஞ்சு படமெல்லாம் பாக்கி கிடக்கு," என்றார் பொறியாளர். அக்கா பெஞ்சு வரைந்தார். உட்காருகிற உயரம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர், அதையும் பிசகாமல்தான் வரைந்தார்.

ஒரு சனிக்கிழமை பெயிண்ட் வந்தது. நீல நிறத்தில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் மேலே ஒரு ஆள், கீழே ஒரு சைக்கிள். முப்பது மீட்டருக்கு ஒன்று. மின்கம்பம் நடுவில் நின்ற இடங்களில் வட்டம் முழுசாக விழ இடம் போதவில்லை. அங்கெல்லாம் சைக்கிளுக்கு ஒரு சக்கரம்தான் கிடைத்தது. திங்கட்கிழமை ஒரு கிலோமீட்டர் கணக்கில் ஏறிவிட்டது. போட்டோ எடுக்க வந்தவர்கள் கார்களை மறைத்து எடுத்தார்கள்.

பிள்ளைகள் போர்டைப் பார்த்தார்கள். சொன்னபடி கேட்கிற பிள்ளைகள், ரோட்டை விட்டு நடைபாதையில் ஏறினார்கள். மூன்றாம் நாள் காலை, ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்ணின் ஹேண்டில்பார் தம்பியின் கோலில் மாட்டியது. கோல் இரண்டாக ஒடிந்தது, தம்பி கீழே விழுந்தான். அந்தப் பெண் கம்பத்தில் மோதி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். தம்பி தரையில் உட்கார்ந்தபடியே கையால் துழாவி அவளுடைய புத்தகப் பையை எடுத்துக் கொடுத்தானாம்.

"அங்கிள், நான் பெல் அடிச்சேன் அங்கிள்," என்று அந்தப் பிள்ளை அழுதிருக்கிறது.

"நீ அடிச்சேம்மா, கேட்டுச்சு. எந்தப் பக்கம் ஒதுங்கறதுன்னுதான் தெரியல."

இந்த இரண்டு பேரில் யார்மேல் குற்றம் சொல்வது? ஒதுங்க இடம் இருந்தால்தானே ஒதுங்குவதற்கு. நீலப் பெயிண்ட் அடித்தவனைக் கேட்டால் படத்தில் போட்டிருக்கு என்பான். படம் போட்டவனைக் கேட்டால் சேட்டிலைட் என்பான். சேட்டிலைட்டிடம் போய் யார் கேட்பது?

தம்பி இதை அக்காவிடம் சொல்லவில்லை. புதுக் கோல் வாங்கிக்கொண்டான். இரண்டு வாரம் கழித்து அவனுடைய மனைவி போன் செய்தாள். "அண்ணி, இவர் இப்பல்லாம் அஞ்சே காலுக்கே கிளம்பிடறார். கேட்டா காலைக் காத்து நல்லா இருக்குங்கறார்."

அக்கா மத்தியானம் அரை நாள் லீவு போட்டுக் குடிநீர் வாரியத்துக்குப் போனார். தம்பி உள்ளே போனில் யாரையோ சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். அக்கா அவனிடம் போகாமல் வாசல் காவலாளியிடம் கேட்டார். காவலாளி மறைக்கவில்லை. "ஆறு மணிக்கெல்லாம் வந்துடறார்ங்க. எட்டரைக்குத்தான் நான் கதவைத் தொறப்பேன். அதுவரைக்கும் இந்தப் படியிலதான் உக்காந்திருப்பார். மழை பெஞ்சா எங்கிட்ட வந்து நிப்பார்," என்றார். படி குறுகலானது. ஓரத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த மாதிரி எதுவும் இல்லை, வெறும் சிமெண்டுப் படி. அக்கா அதில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தார். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் தெருவைத் தாண்டிவிட வேண்டும் என்பதற்காக, இரண்டரை மணி நேரம், தினமும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னார். "இருபத்தெட்டு வருஷமா பாதை போட்டு, கடைசியில என் தம்பியை நானே பாதையிலேருந்து துரத்திட்டேன்."

"நீ கையெழுத்துப் போடலையே," என்றார் அவர்.

"போடலைன்னா? பாதை அங்கதானே இருக்கு." அக்கா அழுதார். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது, அதனால் சத்தமாகவே அழுதார்.

மறுநாள் ஐந்து மணிக்கே அக்கா தம்பி வீட்டு கேட்டில் நின்றார். தம்பி வெளியே வந்ததும் கேன்வாஸ் ஷூ உரசிய சத்தத்தில் கண்டுபிடித்துவிட்டான்.

"என்னக்கா இந்நேரத்துக்கு?"

"உள்ள போ. காபி குடி. ஏழரைக்குப் போவோம்."

"வேணாங்கா. பிள்ளைங்க வர்ற நேரம். பாவம், அதுங்களும் விழுதுங்க."

"நான் கையைப் புடிக்க மாட்டேன்டா. பத்தடி பின்னாடி வரேன். நீ எப்பவும் போற மாதிரி போ."

அவன் கோலைக் கேட்டில் சாய்த்து வைத்தான். பிறகு உள்ளே போனான்.

ஏழரைக்குக் கிளம்பினார்கள். தம்பி முன்னால், இடது கையில் புதுக் கோல், செங்கல் மதில், கம்பி வேலி. அக்கா சொன்னபடியே பத்தடி பின்னால். முதல் இருநூறு மீட்டரில் இரண்டு சைக்கிள் வந்தது. அக்கா திரும்பி நின்று கையைக் காட்டினார், பிள்ளைகள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். தம்பியின் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. இருபத்துநாலு வருஷத்தில் அவன் அப்படி நடந்து அக்கா பார்த்ததில்லை.

மூலை வீட்டை நெருங்கும்போது பின்னால் பெல் சத்தம் கூட்டமாகக் கேட்டது. ஏழெட்டுச் சைக்கிள், எல்லாம் பெண் பிள்ளைகள், பேசிக்கொண்டே வருகிறார்கள். எதிரே மின்கம்பம். கம்பத்துக்கும் மதிலுக்கும் நடுவில் தொண்ணூறு சென்டிமீட்டர்தான் மிச்சம், அதற்குள் தம்பி. அவன் கோலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மதிலோடு ஒட்டி நின்றுவிட்டான்.

விளிம்புக்கல்லை ஒட்டி அந்த இடத்தில் அன்றைக்கு ஒரு காரும் இல்லை. அடுத்தடுத்த வீட்டுக் கார்கள் வேலைக்குக் கிளம்பியிருந்தன. மூலை வீட்டுக்காரரின் ஒரு கார் மகனோடு எங்கோ போயிருந்தது, இன்னொன்று பூங்காவிலிருந்து அப்போதுதான் திரும்பி, வழக்கமான இடத்தில் நுழைவதற்கு மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நாற்பது மீட்டருக்கு, இரண்டு மீட்டர் அகலத்தில், தெரு காலியாகக் கிடந்தது.

அக்கா நடைபாதையிலிருந்து இறங்கி அந்த இடத்தில் நின்றார். கார் ஹாரன் அடித்தது. அவர் நகரவில்லை. கண்ணாடி இறங்கியது.

"என்னம்மா இது, நான் நிறுத்தற இடம்."

அக்கா நடைபாதைப் பக்கம் திரும்பினார். பிள்ளைகளைப் பார்த்து, "இப்படி இறங்கி வாங்கம்மா, பயப்படாம வாங்க," என்றார். முதல் பெண் தயங்கி, கேட்டுக்காகப் போட்டிருந்த சரிவில் சைக்கிளை இறக்கினாள். அவளுக்குப் பின்னால் அடுத்தவள். கார் ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. அக்கா இடது உள்ளங்கையை அதன் பானெட்டின்மேல் வைத்தார். எஞ்சின் சூட்டில் தகரம் கொதித்தது. வலது கையால் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தாண்டச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மேலே நடைபாதையில் தம்பி மதிலை விட்டு விலகினான். கோல் கம்பியில் பட்டது, பிறகு தகரத்தில் பட்டது. சத்தம் பஸ் நிறுத்தத்தின் பக்கம் மெல்ல மெல்லத் தள்ளிப்போனது. கார் மறுபடியும் ஹாரன் அடித்தது, இந்த முறை நீளமாக. கடைசிச் சைக்கிளும் தாண்டிப் போயிருந்தது. அக்கா கையை எடுக்கவில்லை.